ஐம்பதைத் தாண்டிய பிரிட்ஜெட்: நான்கு படங்களில் எதைப் பார்க்கலாம், எதை விடலாம்

காதல் நகைச்சுவைப் படத்துக்கு அடுத்த பாகம் எடுப்பதில் அடிப்படையிலேயே ஒரு சிக்கல் உண்டு. துப்பறியும் கதைக்கு இன்னொரு பிணம் கிடைத்தால் போதும். பேய்ப் படத்துக்குப் பேய் திரும்பி வந்தால் போதும். காதல் கதையோ "இனி இவர்கள் பிரிய மாட்டார்கள்" என்று பார்ப்பவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் முடிகிறது. அடுத்த படம் வேண்டுமானால் அந்த வாக்கை மீறியாக வேண்டும்.

அதை மீற மூன்று வழிகளைத்தான் திரைக்கதைக்காரர்கள் திரும்பத் திரும்பக் கையாள்கிறார்கள். ஜோடியைப் பிரித்து மறுபடி சேர்ப்பது ஒன்று. ஜோடியை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகள், பெற்றோர் பக்கம் கதையைத் திருப்புவது இன்னொன்று. மூன்றாவது, இருவரில் ஒருவரைச் சாகடிப்பது. இந்த மூன்றில் எதைத் தேர்ந்தாலும் அந்தக் கதாநாயகிக்கு வயது ஏறியிருக்கும். ஏறிய வயதைப் படம் ஒப்புக்கொள்கிறதா, மறைக்கப் பார்க்கிறதா என்பதில்தான் அடுத்த பாகத்தின் தலையெழுத்து இருக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க பிரிட்ஜெட் ஜோன்ஸ் வரிசையைவிடப் பொருத்தமான சரக்கு கிடையாது. ஒரே நடிகை, ஒரே கதாபாத்திரம், 24 ஆண்டுகள், நான்கு படங்கள். 2001-இல் தொடங்கி 2004, 2016 என்று வந்து 2025 பிப்ரவரியில் நான்காவது வெளியானது. ரெனே ஸெல்வெகர் பிறந்தது 1969 ஏப்ரலில். முதல் படத்தில் பிரிட்ஜெட்டுக்கு 32, நடிகைக்கும் ஏறக்குறைய அதுதான். நான்காவது வெளியானபோது நடிகைக்கு 55, கதாபாத்திரமும் ஐம்பதைக் கடந்துவிட்டாள். நடுவில் நடிகையை மாற்றவில்லை, மகளைக் கொண்டுவந்து ஈடுகட்டவும் இல்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் படமும் நான்காவது படமும் கட்டாயம் பார்க்க வேண்டியவை. மூன்றாவதில் முதல் ஒரு மணி நேரம் நன்றாக இருக்கும், பிறகு தளரும். இரண்டாவதை விட்டுவிடலாம், கதை அறுபடாது.

முதல் படத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஹெலன் ஃபீல்டிங் 1995-இல் லண்டன் நாளிதழ் ஒன்றில் பத்தியாக எழுதத் தொடங்கி, 1996-இல் நாவலாக்கி, 2001-இல் ஷாரன் மக்வயர் இயக்கத்தில் படமானது. நீளம் 97 நிமிடம். ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் நாயகன் டார்சியை இன்றைய வழக்கறிஞராக்கி அதே பெயரை வைத்து, 1995-இல் அந்த நாவலின் பிபிசி தொடரில் டார்சியாக நடித்த காலின் ஃபெர்த்தையே அந்த வேடத்துக்குப் போட்டார்கள். டெக்சாஸ்காரரான ஸெல்வெகர் உடல் எடையைக் கூட்டி, உச்சரிப்புப் பயிற்சி எடுத்து, லண்டன் பதிப்பகம் ஒன்றில் சில வாரம் வேலை பார்த்துத் தயாரானார். சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது.

நான்காவது படத்துக்காக இதிலிருந்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: எண்கள். பிரிட்ஜெட்டின் டைரி முழுக்க எண்கள். இன்றைய எடை, இன்று பிடித்த சிகரெட், இன்று குடித்த மது. புத்தாண்டு உறுதிமொழியிலேயே முதல் வரி 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ, குறைப்பது. 32 வயதுப் பெண் தன்னைத்தானே தராசில் நிறுத்திக்கொண்டே இருக்கிறாள். 'நீ இப்போது எப்படி இருக்கிறாயோ அப்படியே எனக்குப் பிடித்திருக்கிறது' என்ற பொருளில் டார்சி சொல்லும் ஒரு வரிதான் அந்தத் தராசைக் கீழே வைக்கச் செய்கிறது. படத்தின் மொத்தக் காதலும் அந்த ஒரு வரியில் நிற்கிறது.

இரண்டாவது படம் (2004, பீபன் கிட்ரன் இயக்கம், 108 நிமிடம்) அந்த வரியையே மறந்துவிடுகிறது. முதல் படத்தின் முடிவிலிருந்து சில வாரங்களே ஆகியிருக்கும்போது கதை தொடங்குகிறது. எனவே வயது என்ற பேச்சே இல்லை. டார்சியோடு இருப்பவள் திடீரென்று அவனைச் சந்தேகப்படுகிறாள், பிரிகிறாள், பிறகு சேர்கிறாள். முதல் படத்தில் டார்சியும், பிரிட்ஜெட்டை ஏமாற்றிய மேலதிகாரி டேனியல் க்ளீவரும் (ஹியூ கிராண்ட்) தெருவில் மோதிக்கொண்டது சிரிப்பாக இருந்தது என்பதால் இதில் நீரூற்றுக்குள் மோதுகிறார்கள். தாய்லாந்துச் சிறைப் பகுதி இன்று பார்க்கும்போது இன்னும் சங்கடம். அங்கே அடைபட்ட பெண்களின் துன்பம் பிரிட்ஜெட் தன் காதலனின் அருமையை உணர்வதற்கான பின்னணித் திரையாக மட்டுமே பயன்படுகிறது. முதல் வழி, அதாவது பிரித்துச் சேர்ப்பது, ஏன் தோற்கிறது என்பதற்கு இது நல்ல பாடம். பிரிவதற்கான காரணம் கதாநாயகியின் வாழ்க்கையில் புதிதாக நடந்த எதிலிருந்தும் வரவில்லை. முந்தைய படத்தில் அவள் கற்றுக்கொண்டதை அழித்தால்தான் அந்தக் காரணம் கிடைக்கிறது. அதனால் அவள் முட்டாளாகத் தெரிகிறாள், நகைச்சுவையும் அவளோடு சேர்ந்து சிரிப்பதிலிருந்து அவளைப் பார்த்துச் சிரிப்பதாக மாறிவிடுகிறது.

மூன்றாவது படத்துக்கு முன்னால் பன்னிரண்டு ஆண்டு இடைவெளி. அந்த இடைவெளியே படத்துக்கு நல்லது செய்தது. மக்வயர் மறுபடி இயக்கினார், எம்மா தாம்சன் திரைக்கதையில் கை வைத்தார், மகப்பேறு மருத்துவர் ராலிங்ஸாகவும் நடித்தார். 123 நிமிடம். பிரிட்ஜெட் தன் 43-ஆவது பிறந்தநாளைத் தனியாகக் கொண்டாடுவதில் படம் திறக்கிறது. எடை ஒருவழியாக நினைத்த அளவுக்கு வந்துவிட்டது, ஆனால் அதனால் வாழ்க்கையில் எதுவும் மாறிவிடவில்லை. இந்த ஒரு குறிப்பே முதல் படத்தின் தராசுக்கு எழுதிய பதில். தொலைக்காட்சிச் செய்தித் தயாரிப்பாளராக நல்ல வேலை, மேலே தன்னைவிட இளைய அதிகாரி. ஒரு வார இடைவெளியில் இரண்டு ஆண்கள், காலாவதியான ஆணுறை, கர்ப்பம். தகப்பன் டார்சியா, ஜாக் என்ற அமெரிக்கரா என்பதுதான் புதிர்.

இதில் நன்றாக வந்திருப்பது மருத்துவமனைப் பகுதி. நாற்பதைத் தாண்டிய கர்ப்பத்துக்கு மருத்துவம் வைத்திருக்கும் பெயர்கள் எவ்வளவு முரட்டுத்தனமானவை என்பதைப் படம் நேராகச் சொல்கிறது. பனிக்குட நீர்ச் சோதனையில் கருவுக்கு ஆபத்து உண்டு என்று பிரிட்ஜெட் மறுப்பதும் நியாயமான காரணத்தோடு வருகிறது, கதையை இழுக்கப் போட்ட சாக்காகத் தெரியவில்லை. வயது இங்கே உடம்பில் இருக்கிறது, வசனத்தில் ஒட்டவைத்ததாக இல்லை. கெட்டுப்போவது இரண்டாவது மணி நேரத்தில். 'யார் தகப்பன்' என்ற ஒரே முடிச்சை ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டியிருப்பதால் இரண்டு ஆண்களும் மாறி மாறி ஒரே காட்சியை நடிக்கிறார்கள். டார்சியும் அவளும் இடையில் ஏன் பிரிந்தார்கள் என்பது இரண்டு வசனத்தில் முடிந்துவிடுகிறது. அந்தப் பத்து வருடம்தான் உண்மையில் நமக்குத் தேவைப்பட்ட கதை.

அந்தப் படம் வெளிவருவதற்கு முன் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். முன்னோட்டம் வந்ததும் அமெரிக்கத் திரைத்துறை இதழ் ஒன்றின் விமர்சகர், ஸெல்வெகரின் முகம் பழைய மாதிரி இல்லை, இவர் இன்னும் பிரிட்ஜெட்தானா என்ற கேள்வியோடு கட்டுரை எழுதினார். 2016 ஆகஸ்டில் ஸெல்வெகர் தானே ஒரு கட்டுரை எழுதிப் பதில் சொன்னார். அதே முன்னோட்டத்தில் காலின் ஃபெர்த்துக்கோ 55 வயது. அவருடைய முகத்தைப் பற்றி அந்தக் கேள்வி எழவில்லை. நடுவயதுக் கதாநாயகியின் அடுத்த பாகம் எந்தச் சூழலில் எடுக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இனி நான்காவது. 'மேட் அபௌட் தி பாய்', மைக்கேல் மோரிஸ் இயக்கம், இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே மேல். ஃபீல்டிங்கோடு டான் மேஸர், அபி மார்கன் சேர்ந்து எழுதிய திரைக்கதை.

டார்சி இறந்துவிட்டான். சூடானில் மனிதாபிமானப் பணிக்குப் போன இடத்தில், நான்கு ஆண்டுகளுக்கு முன். பில்லி, மேபல் என்று இரண்டு பிள்ளைகள். இது படத்தின் இரகசியம் இல்லை, தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். நாவல் படித்தவர்களுக்கு 2013-லேயே தெரியும். அந்த ஆண்டு வந்த நாவலில்தான் ஃபீல்டிங் டார்சியைக் கொன்றார். அதற்குப் பிறகு 2016-இல் வந்த படமோ டார்சியை உயிரோடு வைத்துக் கல்யாணமும் செய்துவைத்தது. ஃபீல்டிங்கின் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான கெவின் கர்ரன் இறந்ததும் 2016-இல். நாவல் அதற்கு முன் எழுதியது, திரைக்கதை பின்னால் எழுதியது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியும். நாவலில் ட்விட்டர், தலைப்பேன், உணவுக் கணக்கு என்று வேடிக்கைதான் முன்னால் நிற்கும். படத்தில் பிள்ளைகளின் துக்கம் முன்னால் வந்திருக்கிறது.

ஏன் விவாகரத்து வேண்டாம் என்று சாவைத் தேர்ந்தார்கள்? இந்த வகைப் படங்களில் இப்போது இதுவே நடைமுறையாகிவிட்டது. நியூயார்க்கின் நான்கு தோழிகள் கதையான 'செக்ஸ் அண்ட் தி சிட்டி'யின் தொடர்ச்சியாக 2021-இல் வந்த தொலைக்காட்சித் தொடர் முதல் அத்தியாயத்திலேயே கணவனைச் சாகடித்தது. காரணம் எளிது. விவாகரத்து என்றால் முதல் படத்தில் நாம் நம்பியது பொய் என்றாகிவிடும், பார்ப்பவர் ஏமாந்ததாக உணர்வார். சாவு என்றால் பழைய காதல் பழுதில்லாமல் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும், கதாநாயகியும் குற்றமில்லாமல் புதிதாகத் தொடங்கலாம். வசதியான ஏற்பாடு. வசதி என்பதாலேயே பல இடங்களில் மலிவாகவும் இருக்கும். இறந்தவன் முதல் பத்து நிமிடத்தில் இறந்து, அடுத்த பத்து நிமிடத்தில் மறக்கப்படுவான்.

இந்தப் படம் அந்தக் குழியில் விழவில்லை. பிரிட்ஜெட் ஒரு விருந்துக்குப் போகிறாள். டார்சி வந்து சேர்ந்துகொள்கிறான், இருவரும் பேசிக்கொண்டே வாசலுக்கு வருகிறார்கள், கதவு திறக்கிறது, அவள் மட்டும்தான் நிற்கிறாள். விளக்கம் எதுவும் சொல்லாமல் ஒரே வெட்டில் செய்திருக்கிறார்கள். உள்ளே பழைய ஜோடிகள் சுற்றி உட்கார்ந்து அவள் எப்போது 'மறுபடி தொடங்கப் போகிறாள்' என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். இங்கே ஒரு தமிழ் வாசகர் கவனிக்க வேண்டியது இருக்கிறது. நம் பக்கத்தில் கைம்பெண்ணுக்குக் கிடைக்கும் புத்திமதி 'பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு அடக்கமாக இரு' என்பது. அங்கே 'இன்னுமா தொடங்கவில்லை' என்கிறார்கள். திசைதான் வேறு. அவளுடைய துக்கத்துக்கு அளவு வைப்பது மற்றவர்கள்தான் என்பதில் இரண்டு ஊரும் ஒன்று.

துணை தேடும் செயலியான டிண்டரில் தோழி மிராண்டா கணக்குத் திறந்துவைக்க, ராக்ஸ்டர் வருகிறான். ஹாம்ஸ்டெட் ஹீத் பூங்காவில் வேலை பார்ப்பவன், வயது 29 (லியோ உட்டால்). பிள்ளைகளோடு மரத்தில் ஏறி மாட்டிக்கொண்ட பிரிட்ஜெட்டை இறக்கிவிட வந்தவன். இதுதான் சுவரொட்டியில் விற்கப்பட்ட காதல், 'அந்தப் பையன்மேல் பைத்தியம்' என்று பொருள்படும் படத்தின் தலைப்பும் இதைத்தான் காட்டுகிறது. வயது வித்தியாசத்தைப் படம் எப்படிக் கையாள்கிறது என்பது தொழில்முறையில் ரசிக்கத்தக்கது. ஒரு தோட்ட விருந்தில் நாய்க்குட்டியைக் காப்பாற்ற அவன் குளத்தில் குதித்து, ஈரச் சட்டையோடு எழுந்து வருகிறான். 1995 தொடரில் காலின் ஃபெர்த்தின் ஈரச் சட்டை பிரிட்டனில் எவ்வளவு பேசப்பட்டது என்பது தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். காமிரா அவனைப் பார்க்கிறது, பெண்கள் பார்க்கிறார்கள், பிரிட்ஜெட் பார்க்கிறாள். ஐம்பதைத் தாண்டியவளை 'இன்னும் அழகாக இருக்கிறாள்' என்று சான்றிதழ் கொடுக்கும் வேலையை விட்டுவிட்டு, ஆசைப்படும் உரிமையை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். பெரிய வித்தியாசம் அது.

அந்தக் காதல் முடியும் விதமும் சரி. ராக்ஸ்டர் சொல்லாமல் காணாமல் போகிறான். பிறகு திரும்பி வந்து, கால இயந்திரம் ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற பொருளில் பேசுகிறான். அங்கேயே அவளுக்குப் புரிந்துவிடுகிறது. அவன் விரும்புவது முப்பது வயது பிரிட்ஜெட்டை. வயதான கதாநாயகிகளை வைத்து எடுக்கப்படும் பெரும்பாலான அடுத்த பாகங்கள் கேட்பதும் அந்தக் கால இயந்திரத்தைத்தான். இந்தப் படம் அதை இளைஞனின் வாயில் போட்டு, கதாநாயகியை மறுக்க வைத்திருக்கிறது. அவள் தண்டிக்கப்படவும் இல்லை, கேலிக்கு ஆளாகவும் இல்லை.

ஆனால் ராக்ஸ்டர் பாத்திரம் மெலிந்தது என்பதை மறைக்க முடியாது. அவன் ஏன் காணாமல் போனான் என்பதை ஒரு பேச்சில் முடித்துவிடுகிறார்கள். அந்த மௌனம் எத்தனை நாள் நீண்டது, பிள்ளைகள் அவனைப் பற்றிக் கேட்டார்களா, அவர்களுக்கு இது இரண்டாவது இழப்பாகத் தெரிந்ததா என்ற முக்கியமான இடத்தைப் படம் வேகமாகக் கடக்கிறது. அப்பாவை இழந்த வீட்டுக்குள் ஒருவனைக் கொண்டுவந்து வெளியே அனுப்பினால் அதன் விலையையும் காட்ட வேண்டும்.

இரண்டாவது ஆண், அறிவியல் ஆசிரியர் வாலிகர் (சூவிடெல் எஜியோஃபோர்). நாவலில் இவர் விளையாட்டு ஆசிரியர், முன்னாள் இராணுவ வீரர். அறிவியலுக்கு மாற்றியது நல்ல முடிவு. அப்பா எங்கே போனார் என்று கேட்கும் பையனுக்கு அம்மா ஒருவிதமாகவும் அறிவியல் வாத்தியார் வேறுவிதமாகவும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. காதல் அங்கிருந்து மெல்ல வளர்கிறது. பள்ளி நிகழ்ச்சியில் பில்லி பாடும் காட்சி அதன் உச்சம். இன்னொரு விவரம்: எஜியோஃபோர் 1977-இல் பிறந்தவர், ஸெல்வெகரைவிட எட்டு வயது இளையவர். 'வயதுக்கேற்ற துணை' என்று படம் நிறுத்தும் ஆளே அவளைவிட இளையவர், ஆனால் யாரும் அதைப் பேசுவதில்லை. முதல் படத்தில் ஃபெர்த் ஸெல்வெகரைவிட ஏறக்குறைய ஒன்பது வயது மூத்தவர் என்பதையும் அப்போது யாரும் பேசவில்லை. இந்தச் சமநிலை சத்தமில்லாமல் நடந்திருக்கிறது.

வாலிகர் பாத்திரத்தில் குறை என்னவென்றால், கடைசி அரை மணி நேரத்தில்தான் அவருக்கு இடம் கிடைக்கிறது. ராக்ஸ்டருக்குச் செலவிட்டதில் பத்து நிமிடத்தை எடுத்து இவருக்குக் கொடுத்திருந்தால் முடிவு இன்னும் உறுதியாக நின்றிருக்கும்.

படத்தின் மிகச் சிறந்த பகுதி இந்த இரண்டு காதலிலும் இல்லை. டேனியல் க்ளீவரில் இருக்கிறது. மூன்றாவது படத்தில் ஹியூ கிராண்ட் நடிக்கவில்லை. டேனியல் இறந்துவிட்டான் என்று சொல்லி இரங்கல் கூட்டமே நடந்தது, கடைசியில் ஒரு நாளிதழ்ச் செய்தியில் உயிரோடு இருப்பதாகத் தெரிந்தது. இப்போது அறுபதைக் கடந்த ஆளாகத் திரும்புகிறான். பிரிட்ஜெட்டின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வருகிறான், அவர்களுக்கு மது கலக்கக் கற்றுக்கொடுக்கிறான், இன்னும் இளம் பெண்கள் பின்னால் போகிறான். பிறகு நெஞ்சுவலி, மருத்துவமனை. பேசாமல் விட்ட மகன் ஒருவன் இத்தாலியில் இருக்கிறான். 24 வருடம் முன்பு இவளை ஏமாற்றியவனும் இவளும் கட்டில் பக்கத்தில் பேசிக்கொள்ளும் காட்சியில் காதல் கிடையாது, ஆனால் அதைவிட நெருக்கமான ஒன்று இருக்கிறது. ஒருவரையொருவர் இளமையில் பார்த்த சாட்சிகள் அவர்கள் இருவரும்தான். அடுத்த பாகம் என்ற வடிவத்தால் மட்டுமே தரக்கூடிய இன்பம் இது. புதுப் படத்தில் எவ்வளவு திறமையாக எழுதினாலும் 24 வருடத்தை ஒரு காட்சிக்குள் கொண்டுவர முடியாது.

முகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸெல்வெகரின் நகைச்சுவை முழுக்க நெற்றியிலும் கண் ஓரத்திலும் இருக்கிறது. கண்ணைச் சுருக்குவது, உதட்டைக் குவிப்பது, வெட்கத்தில் புருவம் ஏறுவது. வயதான நடிகைகளுக்கு வழக்கமாகச் செய்யும் சிகிச்சையில், அதாவது நேர் முன்னால் மென்மையான விளக்கு, லென்ஸுக்கு வடிகட்டி, பிறகு கணினியில் தோலை வழித்துவிடுவது என்ற வரிசையில், முதலில் அழிவது இந்தச் சிறிய அசைவுகள்தான். கோடு போனால் கூடவே முகபாவமும் போய்விடும். நான்காவது படத்தில் நெருக்கக் காட்சிகளில் கோடுகள் தெரிகின்றன. அதனால்தான் சிரிப்பும் அழுகையும் ஒரே ஷாட்டில் மாறும்போது நம்மால் பின்தொடர முடிகிறது.

குறைகளில் இன்னொன்று பணம். ஹாம்ஸ்டெட் பக்கம் வீடு, பிள்ளை பார்க்க ஆள், வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று நினைத்ததும் காத்திருக்கும் வேலை. கணவனை இழந்த பெண்ணுக்கு முதலில் வரும் கவலை வாடகையும் பள்ளிக் கட்டணமும். அது இங்கே இல்லை. முதல் படத்தில் பரோ சந்தை அருகே மதுக்கடைக்கு மேல் சின்ன வீட்டில் இருந்தவள் என்பதால் இந்த வசதி கூடுதலாக உறுத்துகிறது. பழைய நண்பர்கள் மூவரும் வந்து தலை காட்டிவிட்டுப் போகிறார்கள், அவர்களுக்கும் ஐம்பது ஆகியிருக்கும் என்ற நினைப்பே கதையில் இல்லை.

இரண்டாவது வழியை, அதாவது ஜோடியை உயிரோடு வைத்துக் குடும்பத்துக்குத் திருப்புவதை, ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவர்களுக்குச் சிகாகோ கிரேக்கக் குடும்பத்தின் கல்யாணப் படங்களான 'மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்' வரிசை (2002, 2016, 2023) இருக்கிறது. கதாநாயகி டூலாவையும் கணவனையும் மூன்று படத்திலும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள், அது பாராட்டத்தக்கது. ஆனால் இரண்டாவதில் கதை, அவளுடைய பெற்றோரின் திருமணச் சான்றிதழில் பாதிரியார் கையெழுத்தே இல்லை என்பதற்கும் மகளின் கல்லூரிக்கும் போய்விடுகிறது. மூன்றாவதில் அப்பாவின் நாட்குறிப்பைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோவது. நாற்பது, ஐம்பது வயதில் ஒரு தம்பதி எப்படி ஒருவரையொருவர் மறுபடி பார்க்கிறார்கள் என்ற கேள்வி ஓரிரு காட்சியோடு நின்றுவிடுகிறது. எழுதியவரும் நடித்தவரும் ஒரே பெண்ணாக இருந்தும் கதாநாயகி தன் படத்திலேயே உபசரிக்கும் ஆளாகிவிடுகிறாள்.

தமிழில் இதற்கு நேர் நிகரான ஒன்று உண்டென்றால் 'விண்ணைத்தாண்டி வருவாயா'வின் (2010) தொடர்ச்சியாக கௌதம் மேனன் 2020 மே மாதம், ஊரடங்கின்போது எடுத்து யூடியூபில் வெளியிட்ட 'கார்த்திக் டயல் செய்த எண்' குறும்படம். த்ரிஷாவும் சிம்புவும் அதே பெயர்களில், பத்து வருடம் மூத்தவர்களாக. கார்த்திக் எழுத முடியாமல் திணறி ஜெஸ்ஸியை அழைக்கிறான், அவளோ அவனைத் தன் மூன்றாவது குழந்தை மாதிரி பார்ப்பதாகச் சொல்கிறாள். அந்த ஒரு வசனம் இணையத்தில் படாதபாடு பட்டது. ஆனால் சிக்கல் வசனத்தைவிட ஆழத்தில் இருக்கிறது. திருமணமாகிப் பிள்ளை பெற்ற பெண் பழைய காதலனிடம் பேச வேண்டுமானால் தாயாகத்தான் பேச முடியும் என்று படம் எடுத்துக்கொள்கிறது. அவளுக்கு என்ன ஆயிற்று, அவள் எப்படி இருக்கிறாள் என்பது கதைக்குத் தேவைப்படவில்லை. 'சண்டக்கோழி'யின் இரண்டாம் பாகத்தில் (2018) நாயகன் அதே ஆள், நாயகி மீரா ஜாஸ்மினிலிருந்து கீர்த்தி சுரேஷ் ஆகிவிட்டார். அதே நடிகையை மூத்தவளாகத் திரும்பக் கூப்பிட்ட வகையில் கௌதம் மேனனின் பன்னிரண்டு நிமிடம் ஒரு படி மேல்தான்.

பார்க்கும் முறைக்கு வருவோம். நான்கையும் வரிசையாகப் பார்த்தால் ஏழரை மணி நேரம். தேவையில்லை. ஒரு மாலையில் முதல் படம், இன்னொரு மாலையில் நான்காவது, மொத்தம் மூன்றே முக்கால் மணி நேரத்துக்குள். நடுவில் தெரிந்துகொள்ள வேண்டியவை: டார்சியும் பிரிட்ஜெட்டும் பிரிந்து பல வருடம் கழித்துச் சேர்ந்தார்கள், மூத்த பையன் கல்யாணத்துக்கு முன்பே பிறந்தான், டாக்டர் ராலிங்ஸ் அப்போது பிரசவம் பார்த்தவர். நேரமிருந்தால் மூன்றாவதில் முதல் ஒரு மணி நேரம் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம், ராலிங்ஸ் வரும் காட்சிகள் நான்காவதில் கூடுதலாகச் சிரிக்க வைக்கும்.

ஆங்கிலத் துணையெழுத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். பாதி நகைச்சுவை பிரிட்ஜெட்டின் பின்னணிக் குரலில், வேகமாக, வாக்கியத்தை முடிக்காமல் வருகிறது. ஹியூ கிராண்ட் வாய்க்குள்ளேயே சொல்லும் வரிகள் துணையெழுத்து இல்லாமல் தவறிப்போகும். நான்கு படங்களுக்கும் பிரிட்டனில் 15 வயதுக்கு மேற்பட்டோருக்கான சான்றிதழ்தான். பாலுறவுப் பேச்சும் வசைச் சொல்லும் தாராளம், எனவே பிள்ளைகளோடு உட்காரும் படம் இல்லை. அண்மையில் துணையை இழந்தவரோடு பார்ப்பதாக இருந்தால், தகப்பனின் பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் பலூன் பறக்கவிடும் காட்சியும், ஜன்னலுக்கு வெளியே வந்து உட்காரும் வெள்ளை ஆந்தையும் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

வாய்ப்பிருந்தால் முதல் படத்தின் ஜோடிகள் விருந்தையும் நான்காவதன் விருந்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். முதலாவதில், முப்பது தாண்டியும் ஏன் இத்தனை பெண்கள் தனியாக இருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள், எங்கள் உடம்பெல்லாம் செதில் முளைத்திருப்பதால்தான் என்று பிரிட்ஜெட் பதில் சொல்லிவிட்டுக் கிளம்புகிறாள். படிக்கட்டில் பின்னாலேயே வந்து அந்த ஒரு வரியைச் சொல்பவன் டார்சி. நான்காவதில் அவளோடு வாசல்வரை வந்துவிட்டு உள்ளே வராமல் போகிறவனும் அவன்தான்.